சீழ்க்கைச் சிறகியின் பழுப்பு: கலர்செக்கர் பாஸ்போர்ட் ஃபோட்டோ 2 வண்ண அட்டை, ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் காட்டு வாத்துகளைப் படமெடுக்கப் புறப்படுகிறவர் முதலில் எதிர்கொள்ளப்போவது பழுப்பு நிறத்தைத்தான். ஆண்டு முழுவதும் இங்கே தங்கியிருக்கும் சிறிய சீழ்க்கைச் சிறகி என்ற வாத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோலம். தலையுச்சியில் கரும்பழுப்பு, முகத்திலும் கழுத்திலும் மங்கிய சந்தனப் பழுப்பு, முதுகில் செம்பழுப்பு விளிம்பு கட்டிய கரிய இறகுகள், வயிற்றிலும் வாலின் மேற்பகுதியிலும் ஆழ்ந்த செம்பழுப்பு என்று ஒரே நிறக் குடும்பத்தின் நான்கைந்து படிகளை அது உடலில் வரிசையாக வைத்திருக்கிறது. பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவின் ஈக்கோ ஏரியிலும், கிராஞ்சிச் சதுப்புநிலத்திலும், 1999 வரை குப்பை கொட்டுமிடமாக இருந்து பின்னர் ஈரநிலம் அமைக்கப்பட்ட லோரோங் ஹாலுஸிலும் நான் எடுத்த வாத்துப் படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பறவையுடையவை. வலசைக் காலத்தில் நீலச்சிறகியோ தட்டைவாயனோ எப்போதாவது வந்திறங்கும். ஆண் குள்ளத்தாராவின் மின்னும் பச்சையும் கிடைத்தால் கிடைக்கும். அன்றாடம் கிடைப்பது பழுப்புதான்.

அந்தப் பழுப்பைத்தான் நான் பல ஆண்டுகள் தவறாகக் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதை, பறவை பார்ப்பதில் எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன் ஒருநாள் காலையில் எடுத்துச் சொன்னார். தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், “தம்பி, படம் நல்லா இருக்கு. ஆனா இந்த வாத்து எந்த ஊர்ல இருக்கு? இருபது வருஷமா பாக்குறேன், செங்கல் கலர்ல ஒண்ணு நான் பாத்ததே இல்ல” என்றார். கருப்பட்டி நிறத்தில் இருக்கவேண்டிய வயிறு, படத்தில் புதுச் செங்கல்லின் நிறத்தில் இருந்தது. படத்தை நான் வேண்டுமென்று அப்படி ஆக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. படத்தின் நிறங்களைச் சரிபார்த்துத் திருத்த உதவும், இந்த மதிப்புரையில் நான் எழுதவிருக்கும் வண்ண அட்டையை அதன் பிறகுதான் வாங்கினேன்.

பழுப்பு ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இந்த அட்டை எதற்கு என்பதே விளங்காது. பழுப்பு என்பது உண்மையில் இருண்ட, செறிவு குறைந்த ஆரஞ்சு நிறம்தான். அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கின் வண்ணக் கலவைப் பகுதியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று எட்டு நிறங்களுக்கு நகர்த்திகள் உண்டு. பழுப்புக்கென்று ஒன்று கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் செறிவைக் கூட்டினாலும் பழுப்பு தன் இடத்தை விட்டு ஆரஞ்சை நோக்கி நகர்ந்துவிடுகிறது. 2018 முதல் லைட்ரூமில் இயல்பாக அமைந்திருக்கும் ‘அடோபி கலர்’ புரொஃபைல் (கேமரா பதிந்ததை எந்த நிறமாகக் காட்டவேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் விதித்தொகுப்பு), சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் இதமாகத் தெரியும்படி சற்றே வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது. மனித முகத்துக்கு அது அழகு. சீழ்க்கைச் சிறகிக்கு அது முதல் தவறு. அதன்மேல் இறகு தெளிவாகத் தெரியட்டும் என்று கிளாரிட்டியையும், நீர்மேல் படர்ந்த மங்கலைப் போக்க டிஹேஸையும் கூட்டினால், டிஹேஸ் தன் பங்குக்குச் செறிவையும் சேர்த்தே ஏற்றிவிடும். இறுதியில் மங்கிய நிறங்களைத் தூக்கிக்காட்டும் வைப்ரன்ஸைக் கொஞ்சம் தொட்டால் செங்கல் தயார்.

இனி அட்டைக்கு வருகிறேன். கலர்செக்கர் பாஸ்போர்ட் ஃபோட்டோ 2 உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, புத்தகம்போல் விரியும். இதன் முக்கியமான பக்கத்தில் நான்கு வரிசைகளில் ஆறாறாக 24 வண்ணக் கட்டங்கள் உள்ளன. இந்த 24 கட்ட அமைப்பு 1976இல் மாக்பெத் நிறுவனத்திலிருந்து வந்தது. அரை நூற்றாண்டாகக் கட்டங்களின் வரிசை அப்படியே இருக்கிறது. எக்ஸ்ரைட் என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்டது, 2021 முதல் கேலிபிரைட் என்ற பெயரில் விற்பனையாகிறது. முதல் வரிசையின் கட்டங்கள் கருந்தோல், வெளிர்தோல், வானநீலம், இலைப்பச்சை, நீலப்பூ, நீலம் கலந்த பச்சை என்று இயற்கைப் பொருள்களைப் பின்பற்றி அமைக்கப்பட்டவை. கடைசி வரிசை வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஆறு படிகள் கொண்ட சாம்பல் ஏணி. மற்றப் பக்கங்களில் வெண்சமநிலைக்கென (வெளிச்சத்தின் நிறச்சாய்வை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கென) ஒரு முழுப் பரப்பும், 18 விழுக்காட்டுச் சாம்பல் பரப்பும், படைப்பு நோக்கில் சூடாகவோ குளிர்ச்சியாகவோ மாற்றிக்கொள்வதற்கான கட்டங்களும் உள்ளன. கடைசியாகச் சொன்ன கட்டங்களைப் பறவைப் படங்களுக்கு நான் பயன்படுத்துவதே இல்லை. விலை நூறு சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும். ஒரு சாதாரணச் சாம்பல் அட்டையின் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை என்பதை மறைக்கத் தேவையில்லை.

எனக்கு இந்த அட்டையில் மிகவும் வேண்டியது முதல் கட்டம். கருந்தோல் என்ற பெயரில் இருக்கும் அந்தப் பழுப்பு, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில் சிவப்பு, பச்சை, நீலம் முறையே சுமார் 115, 82, 68 என்ற மதிப்புடையது. சீழ்க்கைச் சிறகியின் உடலில் உள்ள பழுப்புப் படிகளுக்கு அட்டையில் இதைவிட நெருங்கிய உறவுள்ள கட்டம் வேறில்லை. அடோபி கலரில் திறந்த என் பழைய கோப்பையும், அட்டையைக் கொண்டு உருவாக்கிய புரொஃபைலில் திறந்த அதே கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த அண்ணன் சொன்னது என் கண்ணுக்கே தெரிந்தது.

களத்தில் இதைப் பயன்படுத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆள்முகத்தைப் படமெடுப்பவருக்கு எழுதப்பட்ட வழிமுறைகள் வாத்துக்குப் பொருந்துவதில்லை. மணப்பெண்ணின் கையில் அட்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லலாம். ஏரியின் நடுவில் மிதக்கும் பறவையிடம் அட்டையைக் கொண்டுபோக முடியாது, கொண்டுபோகவும் கூடாது. பறவையின்மேல் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதே வெளிச்சம் விழும் இடத்தை நடைபாதையோரத்தில் தேடிக்கொண்டு, பறவைக்கு முதுகு காட்டி, முதுகுப்பையின்மேல் அட்டையைச் சாய்த்து வைத்து எடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது நிக்கான் டி500 கேமராவும் 200-500 மி.மீ. லென்ஸும், அந்த லென்ஸ் 2.2 மீட்டருக்கு உள்ளே குவியாது. ஆகவே நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறேன். அட்டையின்மேல் என் நிழல் விழக்கூடாது. சூரியன் நேராகப் பட்டுப் பளபளக்கவும் கூடாது. பக்கத்தில் நிற்கும் மஞ்சள் சட்டைக்காரரின் நிறம்கூட அதன்மேல் படியும். வெள்ளைக் கட்டம் வெளுத்துப்போகாதபடி வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும், ஏனெனில் வெளுத்துப்போன கட்டத்திலிருந்து எந்த மென்பொருளும் சரியான புரொஃபைலை உருவாக்க முடியாது. விரித்த அட்டையின் பளிச்சென்ற கட்டங்களை நீர்விளிம்பில் ஆட்டிக்காட்டினால் பறவைகள் மிரண்டு எழும். வாத்தை அருகில் வரவழைக்க ரொட்டி போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். காட்டு விலங்குகளுக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம், முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள், தீனிக்குப் பழகிய வாத்தின் நடத்தையே மாறிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் அட்டையின் ரா கோப்பை (கேமராவின் உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றி, அட்டையோடு வரும் மென்பொருளில் இட்டால், அது கட்டங்களைத் தானே கண்டுபிடித்து, உங்கள் கேமராவுக்கென ஒரு புரொஃபைலை உருவாக்கித் தருகிறது. லைட்ரூமை மூடித் திறந்தால் புரொஃபைல் பட்டியலில் அது தெரியும். கேப்சர் ஒன் என்ற திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அதற்கேற்ற ஐசிசி வகைப் புரொஃபைலும் உருவாக்கலாம். முழு வேலையும் சில நிமிடங்களில் முடிகிறது.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புரொஃபைல் வேறு, வெண்சமநிலை வேறு. புரொஃபைல் உங்கள் கேமராவின் உணரி எந்த நிறத்தை எப்படிப் பதிவுசெய்கிறது என்பதைத் திருத்துவது. ஒரே வகை வெளிச்சத்துக்கு ஒருமுறை நன்றாக உருவாக்கிவிட்டால் மாதக்கணக்கில் அதையே பயன்படுத்தலாம். வெயிலில் ஒரு படமும் நிழலில் ஒரு படமும் எடுத்து, இரண்டையும் சேர்த்து இரட்டை வெளிச்சப் புரொஃபைல் ஒன்றும் அமைத்துக்கொள்ளலாம். எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. வெண்சமநிலையோ அன்றன்றைக்கு, சில வேளை கால்மணிக்கு ஒருமுறை மாறுவது. நிலநடுக்கோட்டின் அருகில் இருக்கும் நம் ஊரில் ஏழு மணியளவில் உதிக்கும் சூரியன் செங்குத்தாக ஏறிவிடுகிறது. ஏழேகாலுக்கு எடுத்த அட்டைப் படத்தை எட்டரை மணிப் பறவைக்கு வைத்துச் சரிசெய்தால் நிறம் நிச்சயம் பிசகும். ஆகவே காலையில் ஒருமுறை எடுத்தால் போதும் என்று நினைக்காமல், வெளிச்சம் மாறியதாகக் கண்ணுக்குப் பட்டபோதெல்லாம் வெண்சமநிலைப் பக்கத்தை ஒருமுறை எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

பலன் எப்படி என்றால், ஒரு படத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். மேகம் மெல்லியதாகப் படர்ந்த ஒரு காலையில், ஈக்கோ ஏரியின் கரைக்கு மிக அருகில் ஒரு சீழ்க்கைச் சிறகி அலகால் தன் விலாவைக் கோதிக்கொண்டிருந்தது. பழைய முறையில் திறந்தபோது முதுகிறகுகளின் விளிம்பும் வயிறும் ஒரே ஆரஞ்சுப் பூச்சாகத் தெரிந்தன. இரண்டுக்கும் இடையே எல்லையே இல்லை. புதிய புரொஃபைலில், எந்த நகர்த்தியையும் தொடாமலே, ஒவ்வொரு முதுகிறகின் விளிம்பும் வெயிலில் காய்ந்த புளியின் நிறத்தில் தனித்தனியாக எழுந்து நின்றது. வயிறு அதைவிட ஆழமாக, சற்றுச் சிவந்து, கருப்பட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கழுத்தின் சந்தன நிறம் சாம்பல் கலந்து அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு நடுவில், கண்ணைச் சுற்றிய மெல்லிய மஞ்சள் வளையம் முதன்முறையாகப் பார்ப்பவரின் பார்வையை இழுத்தது. செறிவைக் கூட்டித்தான் அந்த வளையத்தை எடுத்துக்காட்ட முடியும் என்று நான் நம்பியிருந்தேன். சுற்றிலும் உள்ள பழுப்பை அதன் இடத்தில் இருத்தியதே போதுமானதாக இருந்தது. இந்த அட்டைக்கு நான் கொடுத்த பணம் இந்த ஒரு படத்திலேயே செரித்துவிட்டது என்று சொல்வேன்.

ஆயினும் அட்டை செய்யாத வேலைகள் உண்டு. பாசி படர்ந்த நீரில் மிதக்கும் வாத்தின் அடிவயிற்றிலும் மோவாயிலும் நீரின் பச்சை எதிரொளித்துப் படியும். கரையில் வைத்த அட்டைக்கு அந்தப் பச்சை தெரியாது. அந்தப் பகுதியை மட்டும் மறைப்புத்தூரிகையால் தேர்ந்தெடுத்து, டின்ட் (பச்சைக்கும் மெஜென்டாவுக்கும் இடையிலான சாய்வு) அளவை மெஜென்டா பக்கம் நாலைந்து புள்ளிகள் நகர்த்துகிறேன்; முழுவதும் போக்குவதில்லை, ஏனென்றால் நீரில் மிதக்கும் பறவைக்கு நீரின் நிறம் கொஞ்சம் ஒட்டியிருப்பதே உண்மை. இறகின் நுணுக்கத்துக்குக் கிளாரிட்டியைவிட டெக்ஸ்சர் நகர்த்தி நல்லது. அது நிறத்தை அவ்வளவாகக் கலைப்பதில்லை. 2023இல் வந்த பாயின்ட் கலர் கருவி, ஒரு குறிப்பிட்ட பழுப்பைத் தொட்டு அதன் எல்லையைக் குறுக்கிக்கொள்ள விடுகிறது. முழு ஆரஞ்சு நகர்த்தியையும் அசைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் புரொஃபைல் சரியாக இருந்தால் அதற்கான தேவையே பத்துப் படங்களில் ஒன்றிரண்டில்தான் வருகிறது.

அட்டை முற்றிலும் கைவிரிக்கும் இடம் குள்ளத்தாரா. ஆண் பறவையின் தலையும் கழுத்தும் வெள்ளை. முதுகிலும் கழுத்துப் பட்டையிலும் பச்சை மின்னும். அந்தப் பச்சை நிறமிப் பச்சை அன்று. இறகின் நுண்ணிழைகளுக்குள் கெரட்டினும் மெலனின் துகள்களும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், வெளிச்சம் படும் கோணத்துக்கேற்ப எழும் நிறம் அது. நம் வீடுகளில் இருக்கும் மயில்கழுத்துப் பட்டுச் சேலையைக் கையில் எடுத்து மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அங்கே ஊடும் பாவும் செய்வதை இங்கே துகளடுக்கு செய்கிறது. அட்டையின் கட்டங்களோ எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே நிறம் காட்டும் சாயப் பூச்சுகள். ஆகவே “சரியான” பச்சை எது என்று அட்டையால் சொல்ல முடியாது. கிராஞ்சியில் ஒருமுறை, அடுத்தடுத்து எடுத்த படங்களில் அதே பறவையின் முதுகு கரும்பச்சையாகவும், ஏறக்குறையக் கறுப்பாகவும் பதிவாகியிருந்தது. இரண்டுமே உண்மை. அப்படிப்பட்ட படத்தில் கறுப்பாகத் தெரிந்த முதுகைப் பச்சை நகர்த்தியால் பச்சையாக்குவது, பறவை அந்த நொடியில் காட்டாத நிறத்தை அதன்மேல் பூசுவதாகும். பச்சை எழுந்த படத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி. இதற்கு வேண்டியது அட்டையன்று; பொறுமையோடு பறவை திரும்பும்வரை காத்திருப்பது. வெள்ளைக் கழுத்து வெளுத்துப்போகாதபடி வெளிச்ச அளவை முக்கால் படி குறைத்து எடுத்துவிட்டு, பின்னர் நிழற்பகுதியை மட்டும் சற்றே உயர்த்தினால், வெள்ளையின் இறகுக் கோடுகளும் நிற்கும், பச்சையும் நிற்கும்.

பறவைகளின் கண்ணில் நிறம் உணரும் கூம்பணுக்கள் நான்கு வகை உண்டு, நமக்கு மூன்றுதான். ஒரு குள்ளத்தாரா இன்னொரு குள்ளத்தாராவைப் பார்க்கும்போது காணும் நிறத்தை நம் திரை எதுவும் காட்டப்போவதில்லை. எனவே இயல்பான நிறம் என்று நான் எழுதும்போதெல்லாம், கரையில் நின்ற மனிதர் கண்ணால் கண்ட நிறம் என்றே பொருள்.

புகைமூட்டக் காலத்தைப் பற்றியும் கேட்பார்கள். சுமத்ராவிலிருந்து புகை வரும் நாள்களில் காலை வெளிச்சமே மஞ்சளாகி, அட்டையைக் கொண்டு வெண்சமநிலை செய்தால் அந்த மஞ்சள் முழுவதும் துடைக்கப்பட்டு, பறவை ஏதோ தெளிவான நாளில் எடுத்ததுபோல் ஆகிவிடும். இறகின் நிறத்தை ஆவணப்படுத்துவது நோக்கமானால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அன்றைய நாளைக் காட்டுவது நோக்கமானால் வெண்சமநிலையின் நிற வெப்பநிலையைப் பாதியளவு திரும்பக் கூட்டுவேன். அட்டை தருவது ஒரு தொடக்கப் புள்ளி. அங்கிருந்து எவ்வளவு விலகினேன் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது, முன்பு தெரியாது. எனக்கு வேறுபாடு அதுதான்.

திரை சரியாக இல்லையென்றால் இவை எல்லாமே வீண். திரையின் ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை இறக்கி, நிற அளவுமானியால் சீர்செய்துகொண்ட பின்பே அட்டைக்குச் செலவழியுங்கள். அச்சில் நான் பட்ட ஓர் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அந்த அண்ணனுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கக் குள்ளத்தாராப் படம் ஒன்றை நகரின் ஓர் அச்சுக்கடையில் பெரிதாக அச்சிடக் கொடுத்தேன். கோப்பு எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி வண்ணவெளியில் இருந்தது. அங்கே கோப்போடு இணைந்த வண்ணவெளிக் குறிப்பை யாரும் பார்க்கவில்லை. பச்சை சோர்ந்து, வாடிய வெற்றிலைபோல் வந்து சேர்ந்தது. கேட்டதற்கு, திரையில் அப்படித்தான் நன்றாகத் தெரியும், அச்சில் வராது என்று பதில் கிடைத்தது. அதே படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி வேறிடத்தில் கொடுத்தபோது பச்சை உயிரோடு வந்தது. ஆகவே கடைக்காரர் அச்சுக்குரிய புரொஃபைலைத் தராத இடத்தில், எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியே கொடுங்கள்.

யார் வாங்கலாம் என்றால், ரா கோப்பில் எடுத்து, லைட்ரூமிலோ கேப்சர் ஒன்னிலோ தாமே திருத்தி, பழுப்பும் சாம்பலும் நிறைந்த பறவைகளை மீண்டும் மீண்டும் படமெடுப்பவர் தயங்காமல் வாங்கலாம். கேமராவே நிறத்தை முடிவுசெய்துவிடும் ஜேபெக் கோப்பு மட்டும் எடுப்பவருக்குப் புரொஃபைலால் பயனில்லை; அவருக்கு விலை குறைந்த சாம்பல் அட்டையே போதும். மின்னும் இறகுகளை மட்டுமே தேடிப் போகிறவரும் இந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து நல்ல முக்காலி வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியவர் பேணும் முறையையும் அறிந்திருக்க வேண்டும். கட்டங்கள் காலப்போக்கில் மங்கும்; ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸ் வைக்கும் உலர்பெட்டியிலேயே இதையும் வைக்கிறேன். கிராஞ்சியில் கொசு விரட்டி பூசிய விரலால் கட்டங்களைத் தொட்டுவிடக் கூடாது. எண்ணெய்க் கறை படிந்தால் போகாது. என் அட்டையின் பெட்டியில் வாங்கிய மாதத்தைப் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன். அடுத்த வலசைப் பறவைகள் வருவதற்குள் அதை மாற்றியாக வேண்டும்.